போ ஆற்றில் ட்ரவுட்: கரையோரப் பத்தடியிலிருந்து தொடங்குங்கள்

கனடாவில் கால்கரிக்கு வந்த முதல் கோடையில், ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனைப் பிடிக்க, பொய்ப் பூச்சி கட்டி வீசும் ஃபிளை ஃபிஷிங் கம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு நேராகப் போ ஆற்றில் இறங்கினேன். தொடையளவு தண்ணீரில் நின்று, நடு ஆற்றைக் குறிவைத்து மூன்று மணி நேரம் வீசினேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். நாயோடு கரையில் நடந்துபோன பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தார். அப்புறம், "மீன் நின்ற இடத்தில் இப்போது நீ நிற்கிறாய்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது எனக்கு உறைக்க ஒரு சீசன் முழுக்க ஆனது. உங்களுக்கு அத்தனை நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தாமிரபரணிக் கரையில் மூங்கில் கம்பும் மண்புழுவும் தக்கையுமாகக் கெண்டையும் ஜிலேபியும் பிடித்து வளர்ந்தவன் நான். நீங்களும் அப்படி என்றால் பொறுமை ஏற்கெனவே இருக்கும். கைப்பழக்கத்தில் சிலதை மட்டும் மறக்க வேண்டியிருக்கும்.

ஆறும் மீனும்

"போ ஆற்றுக்குப் போறேன்" என்று போனில் சொன்னால் அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு வரும். ஆங்கிலத்தில் அது வில். கரையில் வளர்ந்த மரங்களில் இங்குள்ள பூர்வகுடிகள் வில் செய்துகொண்டதால் வந்த பெயர். பான்ஃப் தேசியப் பூங்காவில் பனியாறு உருகி நிறையும் போ ஏரியில் ஆறு தொடங்குகிறது. கான்மோர், காக்ரேன் ஊர்களைத் தாண்டிக் கால்கரியின் நடுவே ஓடி, கடைசியில் ஓல்ட்மேன் ஆற்றோடு சேர்ந்து தென் சஸ்காச்சுவான் ஆறாகிறது.

மலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் மீன் சிறுத்திருக்கும். நகரைத் தாண்டிய பிறகுதான் மீன் கொழுக்கிறது. காரணத்தைச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள்: நகரத்தின் கழிவுநீர். சுத்திகரித்து விடும் நீரில் மிஞ்சியிருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீர்ச்செடிகளுக்கு உரம். செடி தழைத்தால் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் ட்ரவுட் கொழுக்கும். செடி அளவுக்கு மீறி மண்டியதால் 1980களில் பாஸ்பரஸை நீக்கும் ஏற்பாட்டை நகரம் கொண்டுவந்தது. அப்படியும் பூச்சிக்குக் குறைவில்லை.

உங்கள் வலையில் வரக்கூடியவை முக்கியமாக நான்கு. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடினால் ரெயின்போ. பொன்பழுப்பு உடம்பில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி, புள்ளியைச் சுற்றி வெளிர் வளையம் என்றால் பிரவுன். இரண்டுமே இந்த ஆற்றுக்கு வந்தேறிகள், நம்மைப் போல. பிரவுன் வந்த கதை வேடிக்கையானது. 1925இல் குஞ்சுகளை ஏற்றிப்போன லாரி பான்ஃப் அருகே வழியில் நின்றுவிட்டது. தொட்டியிலேயே சாகப்போகிற குஞ்சுகளைப் பக்கத்தில் ஓடிய காரட் ஓடையில் கொட்டிவிட்டார்கள். ஓடை போ ஆற்றில் கலக்கிறது, மீதியை மீன்களே பார்த்துக்கொண்டன.

மூன்றாவது, மண்ணின் மைந்தரான புல் ட்ரவுட். ஆல்பர்ட்டா மாகாணத்தின் அடையாள மீன். எங்கே பிடித்தாலும் விட்டாக வேண்டும். அடையாளம் சுலபம்: முதுகுத் துடுப்பில் கறுப்புப் புள்ளி இருக்காது. நான்காவது வெள்ளிநிற ஒயிட்ஃபிஷ். வாய் சின்னது, செதில் பெரியது. இதை மட்டமாகப் பார்ப்பவர்கள் உண்டு. மீனே கடிக்காத பிற்பகலில் அது வந்து இழுக்கும்போது எனக்கு அப்படி ஒன்றும் தோன்றியதில்லை.

ட்ரவுட் நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. நீலகிரியில் அவலாஞ்சி குஞ்சுப்பண்ணை 1907இல் தொடங்கியது. அங்கே ஓடைகளில் நிலைத்ததும் இதே ரெயின்போதான். குளிர்ந்த, ஓடுகிற, காற்று நிறையக் கரைந்த தண்ணீர் இருந்தால் அதற்குப் போதும்.

கிளம்பும் முன்

முதலில் உரிமம். ஆல்பர்ட்டா ரெல்ம் என்ற அரசுத் தளத்தில் 'வின்' என்ற அடையாள எண் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், 65 நிறைந்த ஆல்பர்ட்டாவாசிகளுக்கும் தேவையில்லை. பான்ஃப் பூங்காவுக்குள் போனால் இந்த உரிமம் செல்லாது, பூங்காவின் அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும்.

ஆண்டுதோறும் விதிப்புத்தகம் வருகிறது, இலவசம். ஒரே ஆற்றில் ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு விதி. எந்தப் பாலத்திலிருந்து எந்தத் தடுப்பணை வரை, எந்த மாதம், எத்தனை மீன் என்று வரிவரியாக இருக்கும். நீங்கள் போகப்போகும் துண்டை மட்டும் படித்துவிட்டுப் போனால் போதும். மண்புழு டப்பா வீட்டிலேயே இருக்கட்டும். இந்தப் பக்கத்து ஆறுகளில் பெரும்பாலும் இரை வைக்கத் தடை.

இன்னொன்று. 2016இல் பான்ஃபின் ஜான்சன் ஏரியில்தான் ட்ரவுட் குஞ்சுகளைச் சுழன்று சுழன்று நீந்தவைக்கும் 'வேர்லிங்' நோய் கனடாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. போ ஆற்றிலும் அது பரவியிருக்கிறது. காலணியில் ஒட்டிய சேறு போதும், அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். கரையேறியதும் சேற்றைக் கழுவி, தண்ணீரை வடித்து, முழுக்கக் காயவைத்த பிறகே வேறு ஆற்றில் இறங்குங்கள்.

சாமான்

கடைக்குள் போனால் தலை சுற்றும். நான்கு பொருள்தான் முக்கியம்.

கம்பு: 9 அடி நீளம், 6ஆம் எண். எண் என்பது அந்தக் கம்பு தூக்கும் லைனின், அதாவது வீசும் கயிற்றின், எடை வரிசை. சிற்றோடைக்கு 3, 4 போதும். இது அகன்ற ஆறு, காற்று வேறு ஓயாது, ஆகவே 6. கம்பு, ரீல், லைன் எல்லாம் சேர்த்துத் தொடக்கக்காரர்களுக்கென்று விற்கும் செட் போதுமானது. விலையுயர்ந்த கம்பு தவறான வீச்சைத் திருத்தாது.

லைன்: முன்பக்கம் தடித்த, மிதக்கும் 6ஆம் எண் லைன்.

லீடர்: லைனின் நுனியில் கட்டும், போகப்போக மெலியும் தங்கூசி நரம்பு. 9 அடி, 4எக்ஸ். இந்த எக்ஸ் கணக்கில் பலரும் குழம்புவார்கள். திருப்பூர், கோவைக்காரர்களுக்குக் குழப்பமே வராது. நூல் கவுண்ட் மாதிரிதான், எண் கூடக்கூட நரம்பு மெல்லிசு. 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்று கிடைக்கும். 4எக்ஸ் என்றால் 7. லீடரின் நுனி, ஃபிளை மாற்ற மாற்றக் குறைந்துகொண்டே வரும். அதை நீட்டிக் கட்ட அதே தடிமனில் ஒரு சுருள் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பெயர் டிப்பெட்.

ஃபிளை: கொக்கியில் நூலும் இறகும் முடியும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி. கடையில் ஆயிரம் வகை இருக்கும். முதல் வருஷத்துக்கு ஆறு வகை போதும். மிதப்பதற்கு எல்க் ஹேர் கேடிஸ், பாராசூட் ஆடம்ஸ். மூழ்குவதற்கு ஃபெசன்ட் டெய்ல், ஹேர்ஸ் இயர், சான் யுவான் வோர்ம். சின்ன மீன்போல இழுப்பதற்கு வூலி பக்கர். கொக்கியிலும் எண் கூடினால் அளவு சிறிது, 16 என்பது கிட்டத்தட்ட வீட்டு ஈயின் அளவு. சான் யுவான் வோர்ம் என்பது சிவப்பு நூலால் செய்த புழு வேஷம். நிஜ மண்புழுவுக்குத் தடை போட்ட ஆற்றில் பொய் மண்புழுவுக்கு மீன் மயங்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஊர் ஞாபகம் வரும்.

கொக்கியின் உட்புறம் இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீனுக்கு நல்லது என்பார்கள். எனக்கு அதன் அருமை தெரிந்தது, காற்றடித்த ஒரு நாளில் கொக்கி என் காதுமடலில் இறங்கியபோது. எதிர்முள் இல்லாததால் வந்த வழியே வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அன்றிலிருந்து தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் கம்பை எடுப்பதில்லை. கண்ணாடி போலரைஸ்டாக இருக்கட்டும், தண்ணீரின் பளபளப்பை வெட்டி அடிக்கல்லைக் காட்டும்.

இவை போக ஒரு ரப்பர் வலை, இடுக்கி, நரம்பு வெட்டி. தண்ணீரில் நிற்பதற்கான வேடர் உடையை முதல் கோடையில் வாங்காவிட்டாலும் நட்டமில்லை. ஏன் என்று பின்னால் தெரியும்.

புல்தரையில் ஒரு வாரம்

ஊரில் ஈயக்குண்டின் எடையில் நரம்பு பின்னால் போகும். இங்கே ஃபிளைக்கு எடையே இல்லை. லைனின் எடைதான் அதை எடுத்துப்போகிறது. இது கைக்குப் புரிய ஒரு வாரம் ஆகும், அதை ஆற்றில் செலவழிக்காதீர்கள். பூங்காவில் புல்தரையில், ஃபிளைக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டைக் கட்டிக்கொண்டு பழகுங்கள்.

முன்னால் 25 அடி லைனை நேராகப் போடுங்கள். கம்பு நுனி தரையைத் தொடும்படி வைத்துத் தொடங்கி, மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டித் தூக்குங்கள். கம்பைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு, ஒரு மணிக்கான இடத்தில் சட்டென்று நிறுத்துங்கள். இப்போது லைன் உங்கள் தலைக்குப் பின்னால் விரிந்துகொண்டிருக்கிறது. அது முழுக்க விரியும் வரை சும்மா இருங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான். திரும்பிப் பார்ப்பது வெட்கமில்லை, பாருங்கள். விரிந்து முடியும் நொடியில் முன்னால் தள்ளி, பத்து மணியில் நிறுத்துங்கள். பின்னால் சாட்டை சொடுக்கின மாதிரி சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஆற்றில் அந்தச் சத்தத்தோடு ஒரு ஃபிளையும் போய்விடும்.

30 அடி ஒழுங்காக விழுந்தால் பயிற்சி போதும். 60 அடி வீசக் கற்றுக்கொள்கிறேன் என்று அங்கேயே நிற்காதீர்கள். இந்த ஆற்றில் எனக்குக் கிடைத்த மீன்களில் பெரும்பாலானவை 30 அடிக்குள் கிடைத்தவை.

வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே ஒரு முடிச்சு பழகிக்கொள்ளுங்கள். நரம்பைக் கொக்கியின் காதில் நுழைத்து, தன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் காதுக்குப் பக்கத்து வளையத்தில் விட்டு, அப்படியே பெரிய வளையத்திலும் விட்டு இழுப்பது. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடாகிப் பலம் இழக்கும், மீன் இழுக்கும்போது அங்கேதான் அறும்.

ஆற்றைப் பார்ப்பது

நூறு மீட்டர் அகலத் தண்ணீரைப் பார்த்தால் கண் தானாக நடுவுக்குப் போகும். கை அங்கே வீசத் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் எழுந்துபோய்ச் சாம்பார் வாங்குவதில்லை. வாளி வரிசையில் வரும், தன் இலைக்கு வரும்போது வாங்கிக்கொள்வார். ட்ரவுட்டும் அப்படித்தான். ஆற்று வேகத்தில் பூச்சி மிதந்து வந்துகொண்டே இருக்கும். அந்த வேகத்திலேயே நின்று எதிர்நீச்சல் போட்டால், தின்பதைவிடச் செலவழிப்பது அதிகமாகிவிடும். அதனால் மெதுவான தண்ணீரில் நின்றுகொண்டு, பக்கத்தில் வேகமாகப் போகும் பந்தியிலிருந்து எட்டி எடுத்துக்கொள்கிறது. பெரிய ஆற்றில் மெதுவான தண்ணீர் எங்கே? கரையோரம். கல்லும் மண்ணும் உரசி வேகம் தணியும் அந்தப் பத்தடி.

நடு ஆற்றிலும் மீன் உண்டு. ஆனால் ஆழத்தில், வேகத்தில், படகில் போகிறவர்களுக்கு. கரையில் நிற்பவருக்குக் கரையோர மீன் போதும், அதுவும் சின்னதில்லை. முழங்கால் ஆழத்தில், புல் தலைசாய்ந்து தண்ணீரைத் தொடும் இடத்தில், என் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்த பிரவுன் மூக்கை மட்டும் நீட்டிப் பூச்சி உறிஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் ஒரு மழைத்துளி விழுந்த மாதிரிதான் வளையம் தெரிந்தது. குட்டி மீன் என்று நினைத்துக் கடந்துபோக இருந்தேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தண்ணீருக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிடுங்கள். ஐந்து நிமிஷம் கம்பைத் தொடாமல் பாருங்கள். வேகத் தண்ணீரும் மெதுத் தண்ணீரும் உரசும் இடத்தில் ஒரு கோடு தெரியும், பல நேரம் அதில் நுரை போகும். நுரை போகும் வழியில்தான் பூச்சியும் போகும். முக்கியமான இடம் அந்தக் கோடுதான். அப்புறம், ஆழமில்லாத சரளைக்கல் தண்ணீர் சட்டென்று பச்சையாக இருண்டு ஆழமாகும் விளிம்பு. மூழ்கிய பாறையின் முன்னும் பின்னும். சாய்ந்து கிடக்கும் மரம்.

போ ஆற்றில் நிறையத் தீவுகள். தீவைச் சுற்றி ஆறு பிரிந்து, ஒரு கிளை இருபது முப்பதடி அகலத்தில் ஒதுங்கி ஓடும். தொடக்கத்தில் அந்தக் கிளைகளைத் தேடிப் போங்கள். பெரிய ஆறு என்கிற மலைப்பே போய்விடும், நம்ம ஊர் வாய்க்கால் மாதிரி.

ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்நோக்கி நிற்கும். நீங்கள் கீழேயிருந்து மேலே நடந்தால் அதன் முதுகுப் பக்கம் வருகிறீர்கள். சரளையில் கறகறவென்று நடக்காதீர்கள், நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வீச்சு கரையிலிருந்து மூன்றடிக்கு. அடுத்தது ஆறடிக்கு. அதற்கடுத்தது அந்த நுரைக் கோட்டுக்கு. பிறகு இரண்டு எட்டு மேலே. பத்தடியும் அலசிய பிறகு வேண்டுமானால் கணுக்கால் நனையுங்கள்.

கல்லைப் புரட்டுங்கள்

எந்த ஃபிளை கட்டுவது என்பதற்கு விடை காலடியிலேயே இருக்கிறது. கரையோரத் தண்ணீரில் தேங்காய் அளவுக் கல் ஒன்றைத் தூக்கித் திருப்புங்கள். அடிப்பக்கம் வழுவழுவென்று ஈரம், அதன்மேல் ஏதோ ஓடும். தட்டையாக, வயிற்றோரம் இலை இலையாகச் செவுள் அசைய, நீள வாலோடு ஓடுவது மேஃபிளையின் குஞ்சு. இரண்டு வாலோடு, வயிற்றில் செவுள் இல்லாமல், கொஞ்சம் முரட்டுத்தனமாக இருப்பது ஸ்டோன்ஃபிளை. கல்லில் மணல்மணியாக ஒட்டியிருக்கும் சின்னக் குழாயை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே பச்சைப் புழு நெளியும், அது கேடிஸ். எது அதிகம் இருக்கிறதோ அதன் நிறத்துக்கும் அளவுக்கும் பக்கத்தில் இருக்கும் ஃபிளையை எடுங்கள். லத்தீன் பெயர் தெரிய வேண்டியதில்லை. பார்த்துவிட்டுக் கல்லை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

தண்ணீர்மேல் வளையம் வளையமாக மீன் எழும்பினால் மிதக்கும் ஃபிளை. எதுவும் எழும்பவில்லையா, மீன் அடியில் தின்கிறது. ட்ரவுட் தின்பதில் பெரும்பங்கு தண்ணீருக்கு அடியில்தான். அப்போது ஹேர்ஸ் இயரோ ஃபெசன்ட் டெய்லோ கட்டி, அதற்கு ஒரு முழம் மேலே சின்ன ஈயமணி ஒன்றைக் கடித்துப் பொருத்தி, லீடரின் மேல்பக்கம் ஒரு தக்கை போடுங்கள். தக்கைக்கும் ஃபிளைக்கும் இடைவெளி, தண்ணீர் ஆழத்தின் ஒன்றரை மடங்கு. இங்கே தக்கையை 'இண்டிகேட்டர்' என்பார்கள். பெயர்தான் பெரிது, ஊர்த் தக்கைதான்.

ஓட்டம்

வீச்சைவிட இதுதான் முக்கியம். வீச்சு சுமாராக இருந்தும் நிறைய மீன் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டம் சரியில்லாமல் பிடித்தவரைப் பார்த்ததில்லை.

ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டு அது போகும் விதத்தைப் பாருங்கள். உங்கள் ஃபிளையும் அதே வேகத்தில், அதே சோம்பலில் போக வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஃபிளை மெதுத் தண்ணீரில் விழுகிறது, உங்களுக்கும் அதற்கும் நடுவே லைன் வேகத் தண்ணீரில் கிடக்கிறது. வேகத் தண்ணீர் லைனை வில்லாக வளைத்து இழுக்கும். ஃபிளை பின்னால் ஒரு கோடு கிழித்துக்கொண்டு ஓடும். நிஜப் பூச்சி அப்படி ஓடாது என்பது மீனுக்குத் தெரியும்.

இதற்கு மருந்து, 'மெண்ட்' பண்ணுவது. ஃபிளை விழுந்த உடனே, கம்பு நுனியால் தண்ணீரில் கிடக்கும் லைனை மட்டும் தூக்கி ஆற்றின் மேல்பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். தரையில் கிடக்கும் கயிற்றை ஒரு உதறலில் அந்தப் பக்கம் தள்ளுவோமே, அந்த மாதிரி. தக்கை அசையக்கூடாது. முதல் நாள் அசையும், பரவாயில்லை. கம்பை உயர்த்திப் பிடித்து, எவ்வளவு லைனைத் தண்ணீரில் படாமல் வைக்கமுடியுமோ அவ்வளவு நல்லது. 30 அடிக்கு மேல் வீசாதீர்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. தூரம் கூடக்கூட நடுவில் வேறு வேறு வேகம், அத்தனைக்கும் ஈடுகொடுக்க முடியாது.

தக்கை நின்றாலோ, துடித்தாலோ, கொஞ்சம் சந்தேகமாகப் போனாலோ கம்பைத் தூக்குங்கள். பாதி நேரம் அது கல்லாக இருக்கும். ஊரில் தக்கை முழுக்க அமுங்கும் வரை காத்திருப்போம், மண்புழு ருசிக்கு மீன் விடாது. இங்கே வாயில் போடுவது நூலும் கம்பியும், ஒரு நொடியில் துப்பிவிடும். இந்தக் காத்திருக்கும் பழக்கத்தை விடத்தான் எனக்கு ரொம்ப நாளானது.

தண்ணீரில் இறங்குவதென்றால்

கல்லெல்லாம் பாசி பிடித்து வழுக்கும், தண்ணீர் கோடையிலும் குளிர், மேலே அணைகள் இருப்பதால் மட்டமும் மாறும். முழங்காலுக்கு மேல் போக வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. போவதென்றால் வேடரின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறையாமல் அதுதான் காக்கும். கையில் ஒரு ஊன்றுகோல். நீரோட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு காலை நன்றாக ஊன்றிய பிறகே அடுத்த காலை நகர்த்துங்கள். விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் போராடாமல், மல்லாந்து, கால் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும்படி மிதந்து கரை ஒதுங்குங்கள். படகிலோ டியூபிலோ ஆற்றில் போனால் நகர எல்லைக்குள் உயிர்காப்பு உடுப்பு கட்டாயம்.

அக்டோபர், நவம்பரில் பிரவுனும், வசந்தத்தில் ரெயின்போவும் முட்டையிடும். அடிச்சரளையில் தட்டு மாதிரி பாசியில்லாமல் பளிச்சென்று ஒரு வட்டம் தெரிந்தால், அது வால் அடித்துச் சுத்தம் செய்த முட்டைக் குழி. அதன்மேல் கால் வைக்காதீர்கள், அங்கே நிற்கும் மீனுக்கு வீசவும் வேண்டாம்.

மாட்டிய பிறகு

கம்பை உயர்த்தி வளைந்தபடி வைத்திருங்கள். ஓடினால் விடுங்கள், ரீலிலிருந்து லைன் போகட்டும். நின்றால் சுற்றுங்கள். இழுபறி வேண்டாம், ஆனால் ரொம்ப நேரம் விளையாட்டும் காட்டாதீர்கள், களைத்த மீன் விட்ட பிறகு சாகும். தலை முதலில் வலைக்குள் வரட்டும். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். காய்ந்த கை அதன் வழவழப்பைத் துடைத்தெடுத்துவிடும், அதுதான் அதற்குக் கவசம். போட்டோ வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகு ஒரு மூச்சு நேரம் தூக்கி, மறுபடி தண்ணீருக்குள். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருங்கள். உங்கள் உள்ளங்கையில் அதன் வயிறு ஒருமுறை விம்மும், வால் ஒருமுறை தட்டும், அப்புறம் கை காலியாக இருக்கும்.

"அவ்வளவு நேரம் நின்னு பிடிச்சதை விட்டுட்டியா?" என்று அம்மா கேட்பார். நம் வீடுகளில் எல்லாரும் கேட்பார்கள். நான் இந்த ஆற்றில் எதையும் எடுத்துப்போவதில்லை. குழம்புக்கு வேண்டுமென்றால் மாகாண அரசு ரெயின்போ விடும் குளங்கள் நிறைய இருக்கின்றன, விதிப்படி அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

தண்ணீர் 20 டிகிரியை நெருங்கினால் விட்ட மீனும் பிழைப்பது கஷ்டம். கடும் வெயில் நாள்களில் ஒரு சின்ன வெப்பமானியோடு, அதிகாலையில் மட்டும் போங்கள். அரசே சில கோடைகளில் தற்காலிகமாக ஆறுகளை மூடுவதும் உண்டு.

எப்போது, எங்கே

ஜூன் வேண்டாம். மலைப்பனி உருகி, மழையும் சேர்ந்து ஆறு காப்பி நிறத்தில் போகும். நகரத்தை மூழ்கடித்த 2013 வெள்ளம் வந்ததும் ஜூனில்தான். ஜூலை நடுவில் தெளிந்துவிடும். அதிலிருந்து செப்டம்பர் முடிய உங்கள் காலம். ஆகஸ்டில் கரைப்புல்லில் வெட்டுக்கிளி துள்ளும், காற்று அதைத் தண்ணீரில் தள்ளும், கரையோரப் பத்தடிக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. வெட்டுக்கிளி ஃபிளை ஒன்று மட்டும் அப்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இடம், நகருக்குள்ளேயே ஃபிஷ் கிரீக் மாகாணப் பூங்கா. ஆற்றோரம் நடைபாதை, சரளைத் திட்டு, ஒதுங்கிய கிளைகள் எல்லாம் உண்டு. வடக்கே கார்பர்ன் பூங்காவும் சரி. கை தேறிய பிறகு நகருக்குக் கீழே போலீஸ்மன் ஃபிளாட்ஸ், மக்கின்னன் ஃபிளாட்ஸ். இந்த இரண்டுக்கும் நடுவே வழிகாட்டிகள் படகில் அழைத்துப்போவார்கள். செலவு அதிகம், மூன்று பேர் சேர்ந்து பங்குபோட முடியாது, படகில் வழிகாட்டி போக இரண்டு பேருக்குத்தான் இடம். ஆனாலும் ஒருமுறை போய், அவர் எந்த இடத்தைக் காட்டி வீசச் சொல்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். பாதி நேரம் கரையைத்தான் காட்டுவார்.

குழந்தைகள் இருந்தால் பியர்ஸ் எஸ்டேட் பூங்கா அருகே சாம் லிவிங்ஸ்டன் மீன் குஞ்சுப்பண்ணைக்குக் கூட்டிப்போங்கள். ட்ரவுட்டைத் தண்ணீருக்குள் நிதானமாகப் பார்க்கலாம். அங்கே பக்கத்தில் ஹார்வி பாசேஜ் என்று ஒரு வேக நீர்ப்பகுதி உண்டு. முன்பு ஆளைக் கொல்லும் தடுப்பணை இருந்த இடம். பார்ப்பதோடு சரி, இறங்க வேண்டாம்.

ஜூலை மாலைகளில் சூரியன் ஒன்பதரைக்கு மேல்தான் மறையும். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் கேடிஸ் பூச்சி மேகம் மாதிரி எழும்பும், கரையோரம் முழுக்க வளையம் விழும். எல்க் ஹேர் கேடிஸ் 16 ஒன்று கட்டிக்கொண்டு அப்போது நில்லுங்கள். ஃபிஷ் கிரீக்கின் வாகன நுழைவாயில்களை இரவில் பூட்டிவிடுவார்கள். பலகையில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, முடிந்தால் காரை வெளியே தெருவிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.